இரும்புக் கதவுக்கு மாற்றாக மூடுபனி

வெஸ்ட் ஹார்லோ, வெர்மாண்ட்
ஜூலை 14, ஞாயிறு பகல்

என் பேத்தி மார்னிக்கு,

உன் மெமேர் எழுதுகிறேன். உடம்பு எனக்கு நன்றாகவே இருக்கிறது. இடது காது மட்டும் போனது போனதுதான். ஓரிகனில் நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் போட்டால் "ஆமா", "சரி", "பரவாயில்ல" என்பதற்கு மேல் உன் வாயில் ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பால் கறக்க வந்தவளைப் பேனா பிடிக்க வைத்திருக்கிறாய்.

இங்கே முதல் புல் அறுத்து உலர்த்திக் கட்டியாகிவிட்டது. மழை வருமென்று பயந்தோம், வரவில்லை. சர்ச் கூரைக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. என் கோழிகளில் சிவப்பு ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. எந்த நரி என்று எனக்குத் தெரியும்.

இனி உன் அப்பா சமாசாரம். லூசியானுக்கு வலது தோள் தூக்க வரவில்லை. பீருக்கான மால்ட் மூட்டையை இடது தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான், கேட்டால் எப்போதும் அப்படித்தான் என்கிறான். போன மாதம் பாஸ்டனிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு அவன் பீரின் "மூடுபனி" என்ற பெயரும் அதைக் காய்ச்சும் முறையும் வேண்டுமாம். கொட்டகை வேண்டாம், தொட்டிகள் வேண்டாம், எங்கள் தண்ணீரும் வேண்டாம். அவர்கள் ஊரிலேயே பெரிதாகக் காய்ச்சிக்கொள்வார்களாம். இந்தக் கோடைக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல ஆட்கள்தான், காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் விற்கப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "யாருக்காக வச்சிருக்கணும், நீயே சொல்லு" என்றான். நான் உன் பெயரைச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் உன் பெயரைச் சொன்னால் அவன் ரொட்டியைப் பார்ப்பான், உனக்கே தெரியும். ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, அவள் போட்டால் நாக்கைச் சுருட்டும் கசப்பாகத்தான் போடுவாள், அதற்கு இந்த ரோட்டில் யாரும் வரிசை நிற்க மாட்டார்கள் என்றான்.

எனக்கு எதுவும் மறப்பதில்லை. நீ ஊரை விட்டுப் போகுமுன் அந்த மார்ச் மாதம் போட்ட பீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வரிசையில் வந்த கூட்டம் ஒரு வாய் குடித்துவிட்டு, கலங்கலாக இல்லையே, மாம்பழ வாசனை இல்லையே, எங்கள் தாத்தா குடித்த பீர் மாதிரி இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தது. அடுத்த வாரம் உன் அப்பா குழாயைத் திறந்து ஒரு தொட்டி பீரையும் தரை வடிகாலில் விட்டான். நான் முட்டைக் கூடையோடு வாசலில் நின்றேன். நீ பச்சை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாய். "இந்தக் கொட்டகைக்குள்ள என் பீர் இனிமே ஒரு சொட்டு வராது" என்றாய். அவன் குழாயை மூடவில்லை.

அந்த பீரை நான் குடித்திருக்கிறேன். நல்ல பீர். கசப்பு வந்து நின்று, மரியாதையாகப் போயிற்று. பழச்சாறு குடிக்க வேண்டுமென்றால் நான் பழம் வாங்கிக்கொள்வேன், பீரில் எதற்கு. இதை அவனிடம் ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே ஒரு முடிவு செய்தேன். உன் பீரை அவன் குடிக்க வேண்டும். உன்னுடையது என்று தெரியாமல் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு நல்லது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகு யாருக்காக என்று அவன் கேட்கட்டும், பார்க்கிறேன்.

நீ அங்கே காய்ச்சும் "இரும்புக் கதவு" பற்றி வரிசைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் போடுகிறீர்களாம், மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதே இல்லையாம். அதைக் குடித்தவன் குடிக்காதவனிடம் பேசும் தோரணையைப் பார்க்க வேண்டும், போப்பாண்டவரோடு சாப்பிட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது. உன்னிடமே கேட்டிருக்கலாம். நீ சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்பாய். அப்படியே தந்தாலும், பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறாள் என்பான் அவன். முகம் தெரியாதவன் கையிலிருந்து வந்தால்தான் அது சாட்சி.

இதற்காக நான் லோவெலிடம் பேச வேண்டியதாயிற்று. ஞாபகமிருக்கிறதா, வூஸ்டரிலிருந்து வரும் பிளம்பர், சிவப்பு டிரக். என் ருபார்ப் செடிப் பாத்தி மேல் வண்டியை நிறுத்தியவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவனும் மூடுபனி போடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, என்னைக் கண்டதும் தொப்பியை எடுத்துவிட்டுத் தள்ளி நிற்பான். நானே போய், "உன் வண்டி இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டேன். "ரோட்டுலதாம்மா. சத்தியமா ரோட்டுலதான்" என்றான். நல்லது, எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றேன். ருபார்ப் கணக்கு தனி, அது தீரவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஊர்விட்டு ஊர் பீர் டின்களை மாற்றிக்கொள்ளும் இந்த வியாபாரத்தின் சட்டதிட்டமெல்லாம் லோவெலுக்கு அத்துப்படி. காசு கிடையாது, டின்னுக்கு டின். அது போக, கேட்காத ஒன்றையும் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், என்ன என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. உபரி வைக்காதவனோடு யாரும் இரண்டாம் முறை மாற்றிக்கொள்ள மாட்டார்களாம். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இரும்புக் கதவு தந்தால் மூடுபனி தருகிறோம் என்று லோவெல் தன் போனில் எழுதிப் போட்டான். காப்பி ஆறுவதற்குள் உங்கள் பக்கத்துப் பல் டாக்டர் ஒருவர் கொத்திவிட்டார். அவரிடம் கடைசியாக ஓர் இரும்புக் கதவு இருக்கிறதாம்.

மூடுபனிக்கு நான் வரிசையில் நின்றேன். சிரிக்காதே. விடியற்காலையில் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லோவெலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கே ஆளாளுக்குத் தன் ஊர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் கொடுக்கிறார்கள். கனெக்டிகட் தாடிக்காரன் ஒருவன் ராஸ்பெர்ரி போட்ட புளிப்புத் தண்ணீரை நீட்டி, எப்படி இருக்கு பாட்டி என்றான். ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது, அதோடு உனக்கு நான் பாட்டியுமில்லை என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது.

அப்போது உன் அப்பா எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"அம்மா, இங்க என்ன பண்ற?"

"பீர் வாங்க நிக்கிறேன்."

"வீட்டு ஃபிரிட்ஜ்ல நிறைய இருக்கே."

"அது நீ குடுத்தது. இது நான் வாங்குறது. போ, வரிசையைக் கெடுக்காதே."

அவன் கொடுத்ததை அனுப்பினால் எங்கே போயிற்று என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. நான் வாங்கியதைக் கேட்க முடியாது.

தபாலில் பீர் அனுப்பக் கூடாதாம், பெட்டியில் என்ன என்று யாராவது கேட்டால் மேப்பிள் பாகு என்று சொல்லச் சொன்னான் லோவெல். நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஜாடி மேப்பிள் பாகையும் உள்ளே வைத்துக் கட்டினேன். பொய்யும் இல்லை, உபரியும் ஆயிற்று.

பெட்டி அங்கிருந்து புறப்பட்டுவிட்டதாம். வருகிற ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் முன்னால் இரண்டு கிளாஸ் வைப்பேன், ஒன்றில் அவனுடையது, ஒன்றில் உன்னுடையது. அவனுக்கு என்ன கோளாறு இருந்தாலும் நாக்கில் கோளாறு இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒழுங்காகச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

அன்புடன்
உன் மெமேர்
ஓடெட் லாஃப்ளாம்


வெஸ்ட் ஹார்லோ
ஆகஸ்ட் 6, செவ்வாய்

மார்னி கண்ணுக்கு,

உன் அட்டை வியாழக்கிழமை வந்தது. "மெமேர், திறப்பதற்கு முன்னால் டின்னின் அடியில் தேதியைப் பார்" என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் திறந்தது அதற்கு முந்தைய ஞாயிறு. கீழே ஓரத்தில், பேனாவை மாற்றி, "அப்பா குடித்தாரா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் கோபப்படாமல் படி.

பெட்டி ஒரு வாரம் பிந்தி, கொளுத்துகிற வெயிலில் வந்தது. பல் டாக்டர் பழைய கம்பளிக் காலுறைகளில் டின்களைச் சுற்றி அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு சீட்டு: இது என்னிடம் இருப்பதிலேயே அருமையானது, குளிர்கால கோட்டுகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன், திறக்க மனமே வரவில்லை, உங்களுக்காகத்தான் தருகிறேன் என்று. படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் பேத்தியின் பீரை ஒரு டாக்டர் கோட்டுக்குப் பின்னால் பூட்டி வைக்கிறான் பார் என்று நினைத்தேன். உன் அப்பா தன் டின் ஒவ்வொன்றிலும் "வைத்திருக்காதே, இன்றே குடி" என்று அச்சடித்து ஒட்டுகிறான். அந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு எனக்கு உறைக்கவில்லை. படித்த மனுஷன், அந்த டாக்டருக்கும் உறைக்கவில்லை. தேடிக் கிடைத்தது என்பதற்காக ரொட்டியை யாராவது அலமாரியில் பூட்டி வைப்பார்களா?

ஞாயிறு பன்றித் தொடையும் சோளமும் சாப்பிட்டோம். மேசையைத் துடைத்து இரண்டு கிளாஸையும் வைத்தேன். யாருடையது என்று கேட்கக் கூடாது, குடித்துவிட்டுச் சொல் என்றேன். அவனுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். முதல் கிளாஸை மோந்ததுமே, இது நான் போட்டது, இதை எதற்கு வைத்தாய் என்று தள்ளினான். இரண்டாவதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். ஆறின தேநீர் நிறத்தில் இருந்தது. ஒரு வாய் வைத்து, நாக்கில் உருட்டி, கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"இது செத்துப்போச்சும்மா. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு வாய் குடி என்றேன். எத்தனை வாய் குடித்தாலும் செத்தது செத்ததுதான் என்றான். மறைத்து வைக்க எனக்கு முடியவில்லை, அது மார்னி போட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். எழுந்து டின்னை எடுத்து, அடியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான். போன வருடத்து மே மாதம். "இது அவ தப்பில்ல" என்றான். நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல் அது. ஆனால் அடுத்ததையும் சொன்னான்: இதை வைத்துக்கொண்டு நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை பாஸ்டன்காரர் வருகிறார், சரி என்று சொல்லிவிடப் போகிறேன், இனி இதைப் பேச வேண்டாம் என்று. சொல்லிவிட்டு கிளாஸைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். உன் பீர் அவன் கையால் வடிகாலில் போவதை இரண்டாம் தடவை பார்த்தேன். அங்கே நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். தண்ணீர் ஏற்கெனவே இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

அந்த டாக்டர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் போகாது. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவர் உபரி வைத்திருந்தார். இன்னொரு காலுறையில் ஒரு மஞ்சள் டின். பெரியதைப் பார்த்த பரபரப்பில் நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எவனுடைய தண்ணி பீரோ என்று ஃபிரிட்ஜ் கதவில் செருகி வைத்திருந்தேன். சீட்டின் பின்பக்கத்தில் அதைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன்: இது அதே இடத்தில் செய்தது, எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் தேடுவதில்லை, இடம் காலியாக இருந்ததால் வைத்தேன்.

நான் திரும்பி உள்ளே வந்தபோது உன் அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தான். புழுக்கத்துக்கு எதையோ எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். அந்த கிளாஸ் வழியாகக் கொட்டகையின் கதவு தெரிந்தது, அவ்வளவு தெளிவு. அவன் பீர் குடிப்பது உனக்குத் தெரியும்: மோந்து, ஆட்டி, துப்பி, முகம் சுளித்து. அன்றைக்கு அதெல்லாம் இல்லை. புல் வெட்டிவிட்டு வந்தவன் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்தான். பாதிக்கு மேல் போனதும் வேகம் குறைந்தது. பிறகு நிறுத்திவிட்டு கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கேயிருந்து வந்தது என்று கேட்டான். எனக்குத் தெரியாது, டின் உன் பக்கத்தில்தானே இருக்கிறது, பார் என்றேன்.

பார்த்தான். நானும் பார்த்தேன். டின்னில் ஒரு பழுப்பு மாடு, ஒரு கண்ணைச் சுற்றி வெள்ளை. மேலே "ஷினெட்" என்று எழுதியிருக்கிறது.

அடி பெண்ணே. உலகத்தில் எத்தனையோ மாடு இருக்க, அந்தக் கிடாரியையா பீருக்கு வைத்தாய்? நீ கண்காட்சிக்குக் கயிறு பிடித்து நடத்திப்போன ஷினெட்டை, கண்காட்சியன்று காலையில் உன் அப்பாவைச் சாணிக் கால்வாயில் உதைத்துத் தள்ளின ஷினெட்டை எனக்கு மறக்குமா? அவனுக்குத்தான் மறக்குமா? டின்னின் அடியைத் திருப்பினான், இந்த ஜூலை மாதத்துத் தேதி.

"லாகர்" என்றான். மறுபடியும், "லாகர் போட்டிருக்கா அம்மா" என்றான், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து.



நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னான். மூடுபனியில் ஒரு தப்பு நடந்தால் கசப்புக்கும் வாசனைக்கும் போடும் ஹாப்ஸ் பூவை இன்னொரு பை அள்ளிப் போட்டு மறைத்துவிடலாம், கலங்கலில் யாருக்குத் தெரியும். தெளிந்த லாகர் பீரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. குளிரில் போட்டுவிட்டு வாரக் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கையை வைத்தால் கெட்டுவிடும். "எவ்வளவு நாள் முயற்சி பண்ணியிருக்கேன் தெரியுமா? எனக்கு அது வந்ததே இல்லம்மா. அவளுக்கு எங்கேருந்து வந்துது இந்தப் பொறுமை?"

நீ அவனிடம் எதிர்பார்த்த வார்த்தை இதுவா என்று எனக்குத் தெரியாது. அவன் வாயில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. பெற்றவள் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாஸ்டன்காரர் வந்தார். நான் வேண்டுமென்றே அறையிலேயே உட்கார்ந்து பீன்ஸ் உரித்தேன். ஹாப்ஸ் பறித்து முடியும் வரைக்கும் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று உன் அப்பா சொன்னான். அதுவரை காத்திருக்க முடியாமலும் போகலாம் என்றார் அவர், கோபமில்லாமல்தான் சொன்னார். முடியாவிட்டால் போகட்டும் என்றான் இவன். என் கையிலிருந்த பீன்ஸ் பாதி தரையில் விழுந்தது, யாரும் பார்க்கவில்லை.

லோவெல் போன சனிக்கிழமை வந்து விவரம் கேட்டான். சொன்னேன். அவன் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு, அந்த ஷினெட் இன்னும் ரெண்டு டின் மாற்றித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம், பெட்டியில் வரும் பீர் இனி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றேன். அவனுக்குப் புரிந்தது. ருபார்ப் பற்றி அன்று நான் பேச்செடுக்கவில்லை. அவ்வளவுதான், மன்னித்தேன் என்று அர்த்தமில்லை.

மார்னி, உன்னை வா என்று எழுதச் சொல்லி உன் அப்பா என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். நீ கேட்டால் சொல்வான் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்காதே, உங்கள் இரண்டு பேரையும் காத்திருக்க விட்டால் என் காலம் முடிந்துவிடும். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கொட்டகையின் வடக்கு மூலையில், பழைய பால் குளிரூட்டும் அறைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி சும்மா கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் போனதும் அவன் அதை இழுத்து வைத்து உள்ளே இறங்கித் தேய்த்தான், அந்தத் தோளோடு. ஞாயிறு சர்ச்சுக்கு வரவில்லை. குளிர்க்குழாய்க்குப் புது இணைப்பு போட்டுக்கொண்டிருந்தான். எதற்கு இது, என்ன காய்ச்சப்போகிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஓடுகிறதா என்று பார்க்கிறேன் என்றான். இன்று காலை முட்டை எடுத்துக்கொண்டு வரும்போது உள்ளே போய் அந்தத் தொட்டியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. மூடுபனிக்கு அவ்வளவு குளிர் ஆகாது, லாகருக்குத்தான் அது வேண்டும், எனக்கே தெரியும். வெறும் தொட்டியை எந்தப் பைத்தியக்காரனும் குளிர வைத்து மின்சாரம் ஓடவிட மாட்டான்.

ஹாப்ஸ் பறிப்பது செப்டம்பர் முதல் வாரம். கொடிகள் இந்த வருடம் நன்றாக ஏறியிருக்கின்றன, கையாட்கள் போதாது. உன் அறையில் நான் எதையும் மாற்றவில்லை, ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உன் கை தொட்டதெல்லாம் தெளியட்டும்.

அன்புடன்
உன் மெமேர்
ஓடெட்